ஒரு நாள் மட்டும் வேலை இல்லை

சென்னை, 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் எழுதும் டிவி நகைச்சுவைத் தொடருக்கு இனி தயாரிப்பும் என் பொறுப்பு. நடுவில் சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். ஓசூர் ஃபேக்டரியில் நம் அண்ணன் மாதிரி காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்காமல் இருக்க ஒரு நாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்க்கிறார்களே, அந்த அயோக்கியத்தனத்தைக் காட்சியாக எழுதினேன். பழைய ஆளிடமே சூப்பர்வைசர் கேட்கிறார்: "மெஷினைப் பாத்திருக்கியாப்பா?"

"முந்தாநாள் பாத்தேன் சார். நீங்கதான் பக்கத்துல நின்னு திட்டிக்கினு இருந்தீங்க."

விளம்பரம் தரும் முதலாளி, "இதுல சிரிக்க என்னய்யா இருக்கு? வெட்டு" என்றார். வெட்டினால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். படப்பிடிப்பில் லைட்மேன்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவர்களும் தினக்கூலிகள்தான். அதைப் பார்த்த முதலாளி, காட்சியை அப்படியே விடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணனிடம் அவர் கதையை எழுதலாமா என்று முன்பே போனில் கேட்டுவிட்டேன். "என் பேரை மாத்திடுடா, சூப்பர்வைசர் மீசையை மாத்தாத" என்றார்.

கொஞ்சம் ராகி மாவு அனுப்புங்கள். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தக் காட்சி வரும்போது நீங்கள் டிவியைப் பார்க்காதீர்கள், அண்ணன் முகத்தைப் பாருங்கள். அவர் சிரித்தாரா என்று மட்டும் எழுதுங்கள்.

படப்பிடிப்புக்குப் போகக் கார் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
நூருல்லா