நீங்கள் போட்ட கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒத்தக்கடை ஹாஸ்டலிலிருந்து ரோகிணி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு, என் ராகிங் புகாரைத் திரும்பப் பெறுவதாக நீங்கள் கொடுத்த கடிதத்தைக் காட்டினார். அந்த சீனியரின் மாமா உசிலம்பட்டியில் நம் வீட்டுக்கே வந்து, "நம்ம சாதிசனப் புள்ளைகதானே, விட்டுருங்கண்ணே" என்றதும் கையெழுத்துப் போட்டீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்ரூமுக்குள் இரண்டு மணி நேரம் அவள் பூட்டி வைத்தது உங்களை அல்ல, என்னை.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு மேடம். புகார் என்னோடது, நான் வாபஸ் வாங்கல" என்றேன்.

"இதை வீட்டாளுக பேசி முடிக்க முடியாதும்மா. சட்டப்படி போலீசுக்கு அனுப்பியே ஆகணும்" என்றவர், அன்றே அனுப்பிவிட்டார். அவளை சஸ்பெண்ட் செய்தாயிற்று.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துவிடுங்கள். புகார் கொடுத்ததிலிருந்து மெஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அந்த மாமா மறுபடி வந்தால் டீ கொடுத்து அனுப்புங்கள். பேனாவைத் தொடாதீர்கள்.

ரோகிணி