ஆதிராவின் கரண்டைக்கால்

கருங்கல்
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெஸ்பினுக்கு அம்மை எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சரீரத்தில் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசில்தான் சுகம் இல்லை, அதற்குக் காரணம் நீ. போனில் பேசினால் பிராக்டிஸ் இருக்கு என்று வைத்துவிடுவாய், நேற்றும் அதைத்தான் செய்தாய், அதனால் எழுதிக் கூரியரில் விடுகிறேன், புதன்கிழமை ஹைதராபாத்தில் உன் கைக்கு வந்துவிடுமாம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மழை விடாததால் ரப்பர் பால் வெட்டுதான் நின்றுபோய்க் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அசன விருந்து. கம்பெனி வாலிபால் டீமுக்கே கேப்டன் ஆன நம் ஊர்ப் பிள்ளை என்று அன்றைக்கு உனக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம், கமிட்டிக்காரர்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். பெற்றவளுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டாமா, எனக்கு இல்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் இராஜாக்கமங்கலம் போய் ஆதிராவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். உன்னோடு ஒரே அறையில் இருந்த பிள்ளை, மேட்சில் விழுந்து கரண்டைக்கால் ஒடிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள், ஒரு எட்டுப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா, ஒரு சீப்பு செவ்வாழை வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா சண்முகவடிவு அக்கா என்னைக் கண்டதும் ஓவென்று அழுதுவிட்டாள். கால் நீர் வைத்து வீங்கினதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து ஆடினாள், அவளால்தான் டீம் தோற்றது என்று கோச் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், வியாழக்கிழமை விசாரணையாம், கம்பெனி வேலையை விட்டே எடுத்துவிடுவார்களாம். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று உனக்குத் தெரியும். மறைத்து ஆடினாள் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் போன்தான் எனக்கு ஞாபகம் வந்தது ஏட்டி. மேட்சுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நீ எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னாய்? ஆதிராவுக்குக் காலு வீங்கிக் கெடக்கு அம்மை, அவ கோச்சுகிட்ட சொல்லச் சொல்லுகா, சொன்னா அவர் அவளை உக்கார வச்சிருவாரு, நான் சொல்லல்ல, மாத்திரையும் குடுத்துக் கட்டும் போட்டாச்சு, நீங்க ஜெபிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னாய். நானும் பைத்தியக்காரி, அன்றைக்கு உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று, என் மகள் டீமில் ஆதிரா என்று ஒரு பிள்ளை, கால் நீர் வைத்திருக்கிறது, நாளைக்கு ஆட வேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்தேன். பெண்கள் சங்கம் முழுக்க முழங்கால் போட்டு அந்தக் காலுக்காக ஜெபித்தது.

இனி நடந்ததைக் கேள். சண்முகவடிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டு போற அன்னக்கிளி சொன்னா, ஆட்டத்துக்கு முந்தின நாளே உங்க கோயில்ல எம்பிள்ள காலுக்காவ ஜெபிச்சியளாமே, நீங்க நல்லா இருப்பிய என்று என் கையைப் பிடித்தாள். சொல்லி முடிக்கும் முன்னே அவள் முகம் மாறிவிட்டது. முந்தின நாளே உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அப்போது கட்டிலில் கிடந்த ஆதிரா, நான்தான் ஆன்ட்டிக்குப் போன் பண்ணிச் சொன்னேன், ஜெஸ்பின் அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது என்றாள். என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை உனக்காகப் பொய் சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது ஜெஸ்பின் மக்களே, பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன். உங்கள் டீமுக்குக் கேப்டன் நீயா அவளா என்று எனக்குத் தெரியவில்லை.

மேட்சுக்கு முன்னே எல்லாரையும் வட்டமாக நிறுத்தி நீதான் ஜெபம் பண்ணுவாய் என்று இங்கே நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்கள் காலைக் கழுவினதை ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வரி தப்பாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள் நீ. உன் முன்னால் ஒரு கால் வீங்கிக் கிடந்தது, குனிந்து பார்க்க வேண்டியவள் கட்டுப் போட்டுக் குதி என்றாய். அசனத்தில் இலையில் சோறு விளம்புகிறவன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான், கடைசி இலைக்குக் கறி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் ஒருத்தனும் கை நனைக்க மாட்டான், சின்னதிலிருந்து நீயும் குழம்பு வாளி தூக்கினவள்தானே. கேப்டன் என்றால் அதுதான், வேறு ஒன்றும் இல்லை. நீயோ முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அவள் இலையையும் இழுத்துவிட்டாய்.

வியாழக்கிழமை நீயே போய், எனக்குத் தெரியும், அவள் சொல்லச் சொன்னாள், நான்தான் சொல்லவில்லை என்று சொல். கேப்டன் பதவி போகும், நேஷனல் கேம்ப்புக்கு உன் பெயர் போகாமலும் நிற்கும், எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. நீ அதற்காக ஓடின ஓட்டத்தைப் பார்த்தவள் நான். ஆனாலும் போகட்டும். நீ சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் எழுந்து நிற்பேன், அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தவள் நான், மிச்சத்தையும் நானே சொல்லிவிட்டு அங்கிருந்து நேரே இராஜாக்கமங்கலத்துக்குப் பஸ் ஏறுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வருமா, ஆனால் அந்தப் பிள்ளை இனி ஒரு நாளும் உனக்காகப் பொய் சொல்லக் கூடாது.

கர்த்தர் உன்னோடு கூட இருந்து உன் வாயைத் திறப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. பொன்னாடை வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன், காரணம் கேட்டார்கள், மகள் வந்து சொல்லுவாள் என்றேன். வியாழக்கிழமை விசாரணை முடிந்ததும் ரயில் ஏறி வா. அசனத்துக்கு ஆதிராவையும் சண்முகவடிவு அக்காவையும் அழைத்திருக்கிறேன், அவர்கள் இலைக்கு நீதான் விளம்ப வேண்டும்.

உனக்காக ஜெபிக்கிற அம்மை,
நேசம்மாள்