ஆற்றில் இறங்காத கழுதை

ஜூன் 3, 1963. திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஊசி பிடிக்கவே மறந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் இன்றும் சத்தியம் செய்தார். சத்தியம் செய்யாமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அரிசி ஆலைக் காவலிலிருந்து வந்ததும் பரணில் ஏறிப் பழைய பூட்ஸை இறக்கினார். எச்சில் துப்பித் துப்பிப் பாலிஷ் போட்டார். பட்டாளத்தை விட்டு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. அந்த பூட்ஸை எலிதான் உபயோகித்துக்கொண்டிருந்தது. எதுக்குங்க என்றேன். சும்மா என்றார்.

சும்மாவா?

ஜூன் 6

மீசைக்கும் மை. சரிதான்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும், "ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். கிறிஸ்தவனுக்கு ஸ்ரீரங்கத்தில் என்ன வேலை? அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். பாலம் முழுக்க என் மனசு எங்கெங்கோ போயிற்று. இந்த வயதில் மீசைக்கு மை வைக்கிற ஆம்பிளையை நினைத்து ஒரு பெண்டாட்டி என்ன யோசிப்பாளோ அதைத்தான் யோசித்தேன்.

அம்மாமண்டபம் பக்கத்தில் இறங்கிப் பார்த்தால் பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. காவிரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மணலில் ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வேட்டியும், காக்கி டவுசரும், ஒருவர் கோவணத்துக்கு மேல் துண்டும். எதிரே பிரம்போடு ஒரு மனிதர். "ஃபால் இன்!" என்றார். எல்லோரும் விறைத்தார்கள்.

ஒவ்வொருவரையும் பதவி சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிப்பாய் முகம்மது கனி. உறையூரில் டீக்கடை வைத்திருக்கிற நம் கனிதான். நாயக் தைரியராஜ். என் வீட்டுக்காரர். ஆலை வாசலில் முதலாளியின் மகனுக்குக்கூடக் கூனிக் கும்பிடு போடுகிற மனிதர், அந்தக் குரலுக்கு நிமிர்ந்தார். இவ்வளவு உயரமா இவர் என்று எனக்கே ஆச்சரியம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதிவிட வேண்டியதுதான், சந்தோஷமாக இருந்தது.

பிரம்புக்காரர் பெயர் கேப்டன் தர்மராஜ். திருவெறும்பூர் பக்கம் பெரிய தொழிற்சாலை வரப்போகிறதாம். அதற்குக் காவல் படை முழுக்கப் பழைய பட்டாளத்துக்காரர்கள்தானாம். ஆளெடுக்கக் கேப்டனை அனுப்பியிருக்கிறார்களாம். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், கொஞ்சம் முன்பணம், மூன்றும் ஒப்படைக்க வேண்டும்.

யார் அனுப்பினார்கள்? அதை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 12

நான் கேட்டேன். "அவரு எந்தப் படைங்க? யாரு கீழ இருந்தாரு?"

இவர் பதறிப்போனார். "ஆபீசர்கிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது லூர்து. ஆர்டர்னா செய்யணும். கேள்வி கேட்டுப் பழக்கமே இல்ல."

அதுதான் எனக்கு உறுத்துகிறது. காய்காரியிடம் கால் மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர்கள் இவர்கள். பிரம்பைப் பார்த்ததும் வாயைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

இவருக்கு ஹவில்தார் மேஜர் பட்டம் கிடைத்துவிட்டது. வேலை, ஆள் சேர்ப்பது. வையம்பட்டிக்குப் போய் வீரமலையையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். வீரமலை பர்மாவில் வேறு கம்பெனியில் இருந்தவர். இப்போது மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டுகிறார். இவரை அண்ணே, அண்ணே என்று உயிரை விடுவார். "அண்ணன் சொன்னா சரிதான் டீச்சரம்மா" என்றார்.

ஜூன் 19

டிஸ்சார்ஜ் புத்தகத்தை என் கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மெடல் இரண்டும் அதோடு. முன்பணத்துக்கு வளையலையும் கழற்றினேன்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவள் ஏன் கொடுத்தாள்? மணலில் அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துத் தொலைத்ததால்.

ஜூன் 23, ஞாயிறு

கேப்டன் நம் வீட்டில் சாப்பிட்டார். கறிக்குழம்பு. மரியாதையான மனிதர்தான். சட்டையைப் பார்த்து அசந்துபோனேன். ஒவ்வொரு காஜாவும் அச்சில் வார்த்த மாதிரி. பட்டாளத்துத் தையல்காரன் கை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. பட்டாளத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் வாயில் சோறு இறங்குவதற்குள் "அவன் இருக்கானா, இவன் போயிட்டானா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பதினேழு வருஷமாக என் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேப்டன் யாரையும் விசாரிக்கவில்லை. செத்துப்போன சிநேகிதன் ஒருவன்கூட இல்லாத பட்டாளத்துக்காரரா?

இவர் உற்சாகத்தில் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கதையைச் சொன்னார். ஆற்றைக் கடக்கும்போது சிங்காரி என்கிற கோவேறு கழுதை சுமையோடு தண்ணீரில் இறங்கியது, பாதியில் சுழலில் சிக்கியது, திரும்பி இவரையே பார்த்துக்கொண்டு முழுகிப்போனது. எப்போதும் சொல்கிற கதை. கேப்டன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் கரும்பலகையைப் பார்க்கிற பார்வை.

ஜூன் 30, ஞாயிறு

முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

அணிவகுப்பு முடிந்து வீரமலை வீட்டுக்கு வந்தார். இவருக்கு ஆலையில் முறை. மோர் கொடுத்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னிக்கு கேப்டன் எல்லாரையும் அழ வச்சுட்டாருங்க. அண்ணன் எப்பவும் சொல்ற அந்தச் சிங்காரிக் கழுதை ஐராவதியில முழுகினப்ப கேப்டன் எதிர்க்கரையில நின்னு பாத்தாராம். அன்னிக்குக் காலையில அதுக்குக் கொள்ளு வச்சதே அவருதானாம்."

டம்ளரை நழுவ விட்டுவிட்டேன்.

அந்தக் கழுதையே கிடையாதே! கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் இவர் என்னிடம் மட்டும் சொன்னது. ஆற்றில் போனது கழுதை இல்லை. சகாயநாதன். லால்குடிப் பக்கத்துப் பையன், இவர் கூடவே பட்டாளத்தில் சேர்ந்தவன். சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துவிடுகிறது என்று, அவன் இருந்த இடத்தில் ஒரு கழுதையை வைத்துவிட்டார். பெயரும் இவர் வைத்ததுதான். ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறார்.

இல்லாத கழுதைக்கு எவன்டா கொள்ளு வச்சது?

இவர் வந்ததும் சொன்னேன். தட்டில் கை வைத்தவர் எழுந்துவிட்டார்.

ஜூலை 1, திங்கள்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் போனோம். மொட்டைக் கோபுரம் தாண்டி, சித்திரை வீதியில் ஒரு மாடியில்தான் அவன் ஜாகை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு காலி மண்ணெண்ணெய் டின். நேற்றோடு வசூல் முடிந்துவிட்டது போலும்.

வீட்டுக்கார வேதவல்லி மாமி சொன்னாள்: "விடியறதுக்கு முன்னாடியே பெட்டி படுக்கையோட வண்டி ஏறிட்டாராம். தளிகை பண்ணி அனுப்பினா நன்னா சாப்பிடுவர். ஒரு நாளும் பெருமாளைச் சேவிக்கப் போனதில்லே. அப்பவே எங்காத்துக்காரர்ட்ட சொன்னேன், கேட்டாரா?"

என்னைப் போலவே ஒருத்தி. இரண்டு பேரும் சந்தேகப்பட்டு என்ன பிரயோஜனம்?



ஜூலை 7

கனி கடையில் இவருக்கு டீ வைத்தாராம். முகத்தைப் பார்க்கவில்லையாம். "நீங்க கூப்பிட்டதாலதான்ணே வந்தேன்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு இவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஆலைக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ஸ்டேஷனுக்கு நான் தனியாகப் போனேன். சப் இன்ஸ்பெக்டர், "பறிகொடுத்தவங்க வரட்டும்மா. உங்க ஒருத்தர் பேச்சை வச்சு என்ன செய்ய? எல்லாரும் சேர்ந்து வந்தா கேஸு" என்றார். தட்டிக் கழிக்கிறாரோ என்று பட்டது. ஆனால் நியாயமும் இருக்கிறது.

ஜூலை 13, சனி

வையம்பட்டி போய்வந்தேன். வீரமலை கட்டிலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கேப்டன் பேச்சை எடுத்ததும், "என்கிட்ட யாரும் எதையும் வாங்கல டீச்சரம்மா" என்றார். டிஸ்சார்ஜ் புத்தகம்? "பத்திரமா இருக்கு." மெடல்? "இருக்கு." முகத்தில் ஈயாடவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் இதே பாட்டு. பட்டாளத்துக்காரன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே, அந்தப் பயம். அந்தத் திருட்டுப் பயல் இதையும் கணக்குப் போட்டுத்தான் இவர்களைப் பிடித்திருக்கிறான்.

வீரமலையின் மனைவி பொன்னுத்தாய் பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்தாள்.

"உழவு மாட்டை வித்துக் கொடுத்துட்டாருங்க. வெளியில சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு. இப்ப கிணத்தடியிலேயே போய் உக்காந்திருக்காரு டீச்சர். சோத்துக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்ல. எனக்குப் பயமா இருக்கு."

பஸ் முழுக்க எனக்கு அந்தக் கிணறுதான்.

ஜூலை 14

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

"அங்க ஒருத்தன் கிணத்தடியில உக்காந்திருக்கான், நீங்க இங்க சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க! போய்க் கூப்பிடுங்க."

"கெஞ்சினா வருவாங்களா லூர்து?"

"யாரு கெஞ்சச் சொன்னா? அந்தப் பொய்யன் ஃபால் இன்னுன்னதும் வந்தாங்கல்ல? நீங்க சொல்லுங்க ஃபால் இன்னு. நீங்க சொன்னா நிஜம்தானே?"

"எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

"முதல்ல ஷேவ் பண்ணின மூஞ்சியோட."

எழுந்து உட்கார்ந்தார். பிறகு வெந்நீர் கேட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, மணல் இல்லை. உறையூரில் நெசவாளர்கள் பாவு விரிக்கிற வெளியில் வரச்சொல்லி ஆளனுப்பியிருந்தார். கடைசி நிமிஷம் வரை நான் நம்பவில்லை. வந்தார்கள். எல்லோரும் சவரம் செய்திருந்தார்கள். கனி கடையைச் சாத்திவிட்டு வந்தார். வீரமலை ஓரத்தில் நின்றார், பொன்னுத்தாய் பிடித்துத் தள்ளாத குறை.

இவர் "ஃபால் இன்" என்றார். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை எழும்பியது. வரிசை நின்றது. அவர்களுக்கு எதிரே நிற்காமல் தானும் போய் வரிசையின் வலது கோடியில் நின்றுகொண்டார். நேரே பார்த்தபடி சொன்னார்:

"நாயக் தைரியராஜ். டிஸ்சார்ஜ் புக்கு, ரெண்டு மெடல், சம்சாரத்து வளையல். ஏமாந்துட்டேன். உங்களைக் கூட்டிட்டுப் போனவனும் நான்தான்."

பாவு நூலில் காற்றடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அடுத்து நின்றது கனி. வேறு வழியில்லாமல் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார், பிறகு முழுக்கச் சொன்னார். அதற்கடுத்தவர். அப்படியே வரிசையில் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் வீரமலை. வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். "மாடு" என்றார். அவ்வளவுதான். கனி போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்தே வரிசையாக ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பூட்ஸ் சத்தத்துக்குச் சப் இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்தார். எல்லாரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கினார். கழுதைக் கதை பொய் என்று இவர் சொன்னதும், "அப்ப ஆத்துல போனது என்ன?" என்று கேட்டார்.

"அது கேஸுக்கு வேண்டாம் சார்" என்றார் இவர்.

ஜூலை 25

இது கனியின் யோசனை. ரசித்த கதையை அவன் விடமாட்டான், போகிற ஊரிலும் சொல்லுவான் என்கிறார். அதனால் தெரிந்த பட்டாளத்து ஆட்களுக்கெல்லாம் கார்டு போடுகிறோம். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, தஞ்சாவூர். என் கையெழுத்துதான் திருத்தமாம். 'சிங்காரி என்ற கழுதைக்குக் கொள்ளு வைத்ததாக ஒரு கேப்டன் வந்தால் நம்பாதீர்கள். உட்கார வைத்துச் சோறு போட்டு ஆளனுப்புங்கள்.' பஸ் கண்டக்டர்களிடமும் சொல்லியாயிற்று.

வீரமலைக்குக் கனி முதல்கொண்டு முறைபோட்டு உழவுக்கு மாடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர் கிணற்றடியில் உட்காருவதை விட்டுவிட்டதாகப் பொன்னுத்தாய் சொல்லியனுப்பினாள். நிஜமா என்று அந்தப் பக்கம் போகிற கண்டக்டரை விட்டும் விசாரித்தேன். நிஜம்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பாலத்தில் கூட்டம் நகரவில்லை. சேதி ஒன்றும் இல்லை. போலீஸ்காரர்கள் தூங்குகிறார்களோ?

செப்டம்பர் 12, வியாழன்

புதுக்கோட்டையில் அகப்பட்டான்! மணலுக்குப் பதில் ஒரு கண்மாய்க்கரை. அதே பிரம்பு, அதே கழுதை. அங்கிருந்த பட்டாளத்துக்காரர்கள் அழுகிற மாதிரி அழுது, பிரியாணி போட்டு, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்களாம். கனி கடையில் இன்று எல்லோருக்கும் டீ. இவருக்கு முதல் டம்ளர்.

பட்டாளமே இல்லையாம் அவன். எங்கேயோ கன்டோன்மென்டில் ஆபீசர்களுக்கு உடுப்புத் தைத்தவனாம். அந்தக் காஜா! தையல் டீச்சருக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டாமா?

பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகங்கள் இருந்தன. வேறு ஊர்களில் விற்க வைத்திருந்தானாம். மெடல்களை விற்றுத் தள்ளிவிட்டிருக்கிறான். பணம் போனது போனதுதான். என் வளையலும்.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

போன வாரமே இவர் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஒரு பூசைக்குச் சொல்லிவைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என்னிடமும் சொல்லவில்லை. காலையில் பீடத்திலிருந்து சகாயநாதன் பெயரை வாசித்தபோதுதான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தால் வாசலில் கனி. பக்கத்தில் வீரமலை, பொன்னுத்தாய், கையில் செவ்வந்திப்பூ. இவர்தான் வரச்சொன்னாராம்.

மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறை கிடையாது. உடம்பே கிடைக்கவில்லையே. கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் ஏற்றினோம். வீரமலை பூவை வைத்துவிட்டு, "யாருண்ணே இந்தச் சகாயநாதன்?" என்று கேட்டார்.

இவர் காற்றில் அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினார். பிறகு சொன்னார். லால்குடிக்காரன், நீச்சல் தெரியாது, என் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தண்ணியில இறங்கினான். நடுவில் தொண்டை அடைத்தது, நின்றார். அந்த இடத்தில் எப்போதும் சிங்காரி வருவாள். இன்று வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். இவர் மறுபடி ஆரம்பித்துக் கடைசி வரை சொன்னார்.

நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு சொல்லைக்கூடச் சந்தேகப்படவில்லை.