நூற்றுப் பதினேழாம் எண் கடையைப் பட்டியலில் சேர்க்க வேண்டி

அனுப்புநர்
சைக்கிள் கடைக்காரரின் மகள்,
சுரங்கச் சாலை,
முடிதிருத்தும் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில்.

பெறுநர்
நில எடுப்பு அலுவலர் அவர்கள்,
நிலக்கரிச் சுரங்க விரிவாக்கப் பிரிவு.

பொருள்: அளவீட்டு எண் அழிந்துபோனதால் மாற்றுக் கடைப் பட்டியலில் எங்கள் கடை விடுபட்டது – சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கடைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்த 117 என்ற எண்ணில், 7-இன் இடுப்பில் ஒரு சிறு கோடு இருந்தது. அப்பா 7-க்குக் கோடு போட மாட்டார். அதைக் கவனித்தேன். கவனித்தும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

2. எங்கள் கடையில், பழுது பார்க்க விட்டுப்போகும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் அப்பா ஓர் எண் கொடுப்பார். அதை வண்டியின் சீட்டிலும் கதவுப் பலகையிலும் சாக்பீஸால் எழுதுவார். வண்டி போனதும் பலகையைத் துடைப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து அதைச் செய்துவருகிறேன். தங்கள் அளவையாளர்கள் வந்தபோது அப்பா டயர் வாங்கப் போயிருந்தார். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. கழற்றி வைத்திருந்த சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர்கள் போன பிறகு கதவில் அந்த எண் இருந்தது. என்ன எண் என்று ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன வண்டியின் எண்ணைத் துடைப்பதுபோல அதையும் பழக்கத்தில் துடைத்துவிட்டேன்.

3. இரண்டு வாரம் கழித்து, சாக்பீஸ் எண் இருந்த இடங்களில் எல்லாம் அதே எண்ணைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதினார்கள். முடிதிருத்தும் கடை 116. மாவு மில் 118. எங்கள் கதவில் ஒன்றும் இல்லாததால் தாண்டிப் போய்விட்டார்கள். பட்டியலில் 117-க்கு நேராக ‘காலி இடம்’ என்று உள்ளது. அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

4. முன்பு சுரங்கத்தில் சங்கு ஊதினால் நாற்பது சைக்கிளாவது எங்கள் வாசலில் நிற்கும். இப்போது சுரங்கத்து ஆட்கள் கம்பெனி பேருந்தில் வந்து போகிறார்கள். பின்தெரு வீடுகள் இரண்டு வரிசை காலியாகிவிட்டன. நாளுக்கு நான்கு வண்டி வந்தால் அதிகம். வெடி வைக்கும்போது தொட்டித் தண்ணீர் நடுங்குவதால், ட்யூபில் எங்கே காற்றுக் குமிழ் வருகிறது என்றுகூடத் தெரிவதில்லை. எல்லாரும் மாற்றுக் கடைகள் தரும் புதுச் சந்தைக்குப் போன பிறகு சுரங்க வேலி வந்து சாலையை மூடிவிடும். வேலியின் இந்தப் பக்கம் எங்கள் கடை மட்டும் இருக்கும். “உங்களுக்கென்னண்ணே, இனிமே குழிக்குள்ள விழுற வண்டிக்கெல்லாம் நீங்கதான் மெக்கானிக்” என்று முடிதிருத்தும் அண்ணன் கேலி செய்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

5. அப்பா மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்றாம் முறை நானும் வந்தேன். “நம்பர் இல்லன்னா கடையே இல்லன்னு அர்த்தம். இல்லாத கடைக்கு நான் எங்கேருந்து கடை குடுக்கறது?” என்றார் எழுத்தர். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

6. இதுதான் எனக்குத் தாங்க முடியாதது. எண்ணை அழித்தது மில்லுக்கார மாமாதான் என்று அப்பா நம்புகிறார். ஒரு கடை குறைந்தால் அவருக்கு மூலைக் கடை கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருடமாக ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்தவர்கள் அவர்கள். போன வாரம் நடுத்தெருவில் நின்று, “கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா!” என்று அப்பா கத்தினார். மாமா அரைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு மில்லைச் சாத்தினார். அப்போதும் நான் சக்கரத்துக்குப் பின்னால்தான் இருந்தேன்.

மாமா அழிக்கவில்லை ஐயா. நான்தான் அழித்தேன். இருபத்தாறு நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

7. நானே எண்ணைத் திரும்ப எழுதிவிடலாம் என்று ஒருநாள் சாக்பீஸை எடுத்தேன். 7-க்குக் கோடும் போடத் தெரியும். ஆனால் அது கள்ளக் கையெழுத்து ஆகிவிடும் என்று கீழே வைத்துவிட்டேன். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பழைய கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அன்றிலிருந்து அந்தப் பலகையில் துணி படவில்லை.

8. வரும் வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது என்கிறார்கள். அதற்குள் தயவுசெய்து யாரையாவது காலை எட்டு மணிக்குள் அனுப்பிக் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவரையே அனுப்பினால் தன் கையெழுத்தை அவரே அடையாளம் காண்பார். இந்த முறை ஒளிந்துகொள்ள மாட்டேன். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். தண்டனை உண்டென்றால் அது எனக்கு இருக்கட்டும். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. புதுச் சந்தையில் எவ்வளவு சிறிய இடமானாலும் போதும். இரண்டு சைக்கிள் நிறுத்த முடிந்தால் பிழைத்துக்கொள்வோம். எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள் ஐயா.

இப்படிக்கு,
எண்ணை அழித்தவள்,
(கையொப்பம்)

இடம்: கடைவாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை காலை

பின்குறிப்பு: கடை அப்பா பெயரில் இருப்பதால் அவருடைய கையொப்பமும் தேவை. அதற்காக, எழுதி முடித்ததும் அப்பாவை அருகே கூப்பிட்டு, முதல் பத்தியிலிருந்து சத்தமாக வாசித்தேன்.