ஜன்னலுக்கு எதிரே ஒரு பொது மண்டபம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில் இவருக்குச் சவரம் செய்துவிட்டு, தலையணையை உயர்த்தி ஜன்னல் பக்கம் சாய்த்து உட்காரவைத்தேன். எதிரே இடிந்து கிடக்கும் பழைய ஸ்டோரை அளக்க ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் லேனுக்குப் பொது மண்டபம் கட்டப்போகிறார்களாம். இரண்டு மாடி. கமிட்டித் தலைவர் அஸீஸ் நானா வாசலில் நின்று சந்தோசமாகச் சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் சுவர் எழும்பினால், இந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே ஜன்னல் என்ன ஆகும்?

பெப்ரவரி 8

இவர் பசறை ரோட்டில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் வேலை செய்வதில்லை. பேச்சும் குழறும். ஜன்னலில் நமுனுகுல மலையும் பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலையும் தெரியும். ஹார்ன் கேட்டதும், "பசற பஸ்ஸு. இன்னைக்கும் லேட்டு" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குழறாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வீல்செயார் கட்டிலுக்குப் பின்னால் மடிந்து கிடக்கிறது. வாசலில் படி, லேன் முழுக்கப் படி. எங்கே தள்ளுவது?

பெப்ரவரி 11, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். இரண்டு மாடி வந்தால் எங்கள் வீடு இருண்டுவிடும் என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஸஜீதா, "ஒங்க ஒரு ஜன்னலுக்காக லேனே காத்துக்கெடக்கணுமா, அக்கா? ரெங்கம்மாவ ரோட்டுல வச்சத மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. ரெங்கம்மா செத்தபோது, பெட்டி லேனில் எந்த வீட்டு வாசலிலும் திரும்பி உள்ளே போகவில்லை. கொட்டுகிற மழையில் ரோட்டோரம் தறப்பாள் கட்டித்தான் ரெங்கம்மாவை வைத்தோம். ஒரு மூலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மண்டபம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் இவரை இருட்டில் கிடத்திவிட்டு எப்படி இருப்பேன்?

பெப்ரவரி 14

மண்டபத்துக்கு வரைபடம் போடுகிற தயானி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கே வேலையாக வந்திருக்கிறாள். சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். "அக்கா, நான் ஒருக்கா உள்ளுக்க இருந்து பாக்கட்டோ?" என்றாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பொழுது சாயும்வரை இருந்தாள். வெயில் தரையில் விழுகிற இடத்தையெல்லாம் சோக்கால் கோடு போட்டாள். இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "மல… மறையுமா?" என்று கேட்டார்.

அவள் சோக்கைக் கீழே வைத்தாள். "மறையும், அண்ணா. அதுக்கு நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா வெளிச்சமும் காத்தும் குறையாது. அது என்ர பொறுப்பு."

பொய் சொல்லாமல் போனாளே, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

மார்ச் 3

கூட்டத்தில் தயானி புது வரைபடம் காட்டினாள். கீழ்த்தளத்தில் எங்கள் பக்கம் சுவரே இல்லை, தூண்கள் மட்டும். மேல்மாடி பின்னுக்குத் தள்ளி இருக்கிறது. நடுவில் திறந்த முற்றம், அதன் உட்சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் படுகிற வெளிச்சம் எங்கள் ஜன்னலுக்குத் திரும்பி வருமாம். ஃபேன் போடாமலே மண்டபத்துக்குள் காற்று ஓட, மற்றப் பக்கங்களில் ஓட்டை விட்ட சுவர். கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும்.

ஆனால் மண்டபம் சிறிதாகிவிடும். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அஸீஸ் நானாதான் சொன்னார்: "கொஞ்சம் சின்னதாப் போனாப் போகட்டும். நெருங்கி இருந்து பழகின ஆக்கள்தானே நாங்க." ஸஜீதா சிரித்துவிட்டாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை.

மே 20

மழைக்கு ரோட்டில் சரிந்து விழுந்த மண்ணை லொறியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொஞ்சம் சீமெந்து கலந்து, மெசினில் அழுத்தி, அதையே கல்லாக்குகிறார்கள். எத்தனை வீட்டை மூடியிருக்கும் இந்த மண். சுவராக நிற்கட்டும்.

ஒகஸ்ட் 9

இன்று மலை மறைந்தது.

இவர் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். சோறு ஊட்டப் போனால் வாய் திறக்கவில்லை. என்னங்க, நான் என்ன செய்யட்டும்? எல்லாருமா சேந்து நமக்காகத்தானே மாத்துனாங்க. அதுக்கு மேல எப்படிங்க கேக்குறது?

இப்படி இவரிடம் கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை.

செப்டெம்பர் 2

சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டார்கள். பகலில் லைட் போடாமல் பேப்பர் வாசித்துக் காட்டினேன். முன்பு இவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை. இவர் உள்பக்கம் திரும்பியபடிதான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

ஒக்டோபர் 12, சனி

மண்டபம் திறந்தார்கள். படியில்லாமல் மண்டபத்துக்கு ஏற, ரோட்டுப் பக்கம் வர இருந்த சரிவுப்பாதையைத் தயானி எங்கள் வாசல் வழியாகத் திருப்பியிருக்கிறாள். எங்கள் படியை உடைத்தபோதுகூட எதற்கு என்று நான் கேட்கவில்லை, தண்ணீர்க் குழாய்க்கு என்று நினைத்துக்கொண்டேன். "முதலே சொன்னா நீங்க வேண்டாம் எண்டிருப்பீங்கள், அக்கா" என்றாள்.

ஆமாம், சொல்லியிருப்பேன்.

அஸீஸ் நானாவும் ஸஜீதாவின் புருசனும் இவரைத் தூக்கி வீல்செயாரில் உட்காரவைத்தார்கள். முதலில் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிறகு விட்டுவிட்டார். தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியதும் சனம் சுற்றி நின்றது. பழைய கண்டக்டர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என்ன ட்ரைவர், இவ்வளவு நாளா எங்க லீவு?" என்றார். இவர் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் வளைகிற அந்தச் சிரிப்பை, என்னைத் தவிர, வேறு ஆட்கள் இன்றுதான் பார்த்தார்கள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லோருக்கும் வடை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபர் 30

மண்டபத்தில் இடது கையால் கரம்போர்ட் ஆடுகிறார். ஸஜீதாவின் புருசன் தோற்றுவிட்டானாம். சும்மா விட்டுக்கொடுத்திருப்பான். இருக்கட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டதும், "நீ… போயிட்டு வா. நான் இங்கனதான… இருப்பேன்" என்றார். ஹாலிஎலக்குப் பஸ் ஏறினேன். தங்கச்சி வீட்டுக்குப் போய் எத்தனை காலம். சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தவள்தான். கண் விழித்தபோது சாயங்கால வெயில். பதறி எழுந்து, "ஏன்டி எழுப்பல?" என்றேன்.

"ஸஜீதா அக்கா போன் பண்ணுனாங்க. அத்தான் இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்காராம். ஒன்னய எழுப்ப வேணாம்னு சொன்னாராம்."

மறுபடியும் படுத்துக்கொண்டேன்.