டப்பாவின் அடியில் ஒரு பேர்

வரதராஜன்பேட்டை,
ஜனவரி 19.

அன்பு மகன் அமல்தாசுக்கு அம்மா எழுதுவது. அடைக்கல மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், நாக்பூர் குளிரில் நீயும் நலமாக இருப்பாய், நலம் என்பதைத் தவிர நீ எதையும் சொல்வதில்லை, மற்றதை எல்லாம் நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தோட்டத்தில் முந்திரி பூவெடுத்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன எவர்சில்வர் டப்பாவைக் கேட்டு மூன்று தடவை போன் செய்தாய், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதே இரண்டு தடவைதான் செய்தாய். அப்படி என்ன டப்பா என்று கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது, தமிழும் இல்லை இங்கிலீசும் இல்லை, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி எழுத்தெல்லாம் ஒரு கோட்டில் தொங்குகிறது. கம்பெனிப் பேரா இருக்கும் வுடு என்றார் அப்பா. கம்பெனிக்காரன் உட்கார்ந்து புள்ளி குத்திக்கொண்டிருப்பானா? கான்வென்ட்டுக்கு ராஞ்சியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கும், இந்தி தெரிந்த சிஸ்டரிடம் காட்டினேன். சுபாங்கி, பொண்ணு பேரும்மா என்று படித்துவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றாயே, எந்த மெஸ்காரன் பேர் வெட்டின டப்பாவை ஊருக்குக் கொடுத்தனுப்புவான்? நம் வீட்டில் அண்டா முதல் டம்ளர் வரை என் பேர், உன் அக்கா ஷாலினி மேரிக்குச் சீர் கொடுத்ததில் அவள் பேர். பேர் வெட்டின பாத்திரத்தை எவளும் கண்டவர் கையில் கொடுக்க மாட்டாள், எனக்குத் தெரியாதா? இங்கே இருந்தபோதும் ஆபீஸ் கால்மா என்று போனோடு கொல்லைப்பக்கம் ஓடினாய், ஆபீஸ்காரனிடம் யாராவது அப்படிச் சிரிப்பார்களா? கல்யாணமே முடிந்துவிட்டதோ என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் மேல் கோபமில்லை, பெற்றவளிடம் மறைத்தாயே என்றுதான் வயிறு எரிகிறது. உள்ளதை உள்ளபடி எழுது.

டப்பாவை இதோடு அனுப்புகிறேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது நம் வீட்டில் கிடையாது, அதனால் முந்திரிப் பருப்பு வறுத்துப் போட்டிருக்கிறேன், இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

ஒன்று மறக்காதே, நீ கை வைக்காமல் அப்படியே அந்தப் பெண்ணிடம் கொடு. நூற்றிருபது பருப்பு, எண்ணித்தான் போட்டேன். எத்தனை இருந்தது என்று அவளிடமே கேட்பேன், பாஷை தெரியாவிட்டால் விரலைக் காட்டியாவது கேட்பேன்.

உன் அம்மா,
ச. செபஸ்தியம்மாள்