ஏலே என்று ஏசிய சர்வர்

இன்று காலை மில்லில் புது சர்வரை ஏற்றினோம். வழக்கம்போல முதலில் ‘நெட்ஸ்டாட்’ என்று அடித்தேன், எந்த மெஷின் எதோடு பேசுகிறது என்று பார்க்க. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஆங்கிலத்தில் மொட்டையாகச் சொல்லிவிட்டது. என்னை ‘ஏலே’ என்று கூப்பிடவில்லை. மதியம் பழைய சர்வரை அழித்துவிடுவார்கள். அதோடு நீயும் போய்விடுவாயே!

லினக்ஸ்காரர்கள் பழைய கட்டளைகளை ஓரங்கட்டியபோது இந்த மில்லில் ஒன்றாக வேலை பார்த்த நமக்குள் என்ன சண்டை! நெட்ஸ்டாட் போய் ‘எஸ்எஸ்’ வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நீ புதுசுக்குக் கட்சி கட்டிக்கொண்டு வருவாய். ராஜபாளையத்துக்காரன் நான் பழசை விடமாட்டேன். “எங்கூருத் தேரக்கூட இழுத்துரலாம்லே, ஒன்னய நகத்த முடியலையே” என்பாய்.

அந்த மதியம் நினைவிருக்கிறதா? பில் போடும் புரோகிராம் நின்றுவிட்டது. நூல் ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. என் நெட்ஸ்டாட்டோ ஒவ்வொரு மெஷினின் பெயரையும் தேடித் தேடி, வரிக்கு வரி இளைப்பாறியது. “செத்த நேரம் தள்ளுலே” என்று நீ எஸ்எஸ் அடித்தாய். கண்மூடித் திறப்பதற்குள் முழுப் பட்டியலும் வந்தது. பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர் ஒன்று இணைப்பையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. அதை விடுவித்தாய், லாரி கிளம்பியது. பொழுது சாயும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாய்.

மறுநாள் நான் நெட்ஸ்டாட் அடித்தால், திரையில் ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: “ஏலே, இன்னுமா பழசு? எஸ்எஸ் அடி!” அந்தக் கட்டளையின் பெயரிலேயே இப்படி ஒரு வரியை ஒளித்து வைத்திருந்தாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? நீ செத்துப்போன பிறகு அந்த ஏச்சுக்காகவே தினமும் வேண்டுமென்றே தப்பாக அடித்தேன்.

அழிப்பதற்குள் ஓடிப்போய் உன் வரியை எடுத்துப் புது சர்வரில், யார் அடித்தாலும் வருகிற மாதிரி போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டுப் பெண், வன்னியம்பட்டிக்காரி, பழக்கத்தில் நெட்ஸ்டாட் அடித்துவிட்டாள்.

“சார், இது என்னையப் போயி ஏலேங்குது!”

உன் கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. “பொம்பளப் பிள்ள, ஒனக்கு மட்டும் ஏட்டின்னு மாத்திரட்டுமா?” என்றேன்.

“வேண்டாம் சார். அவிய எழுதுனது அப்படியே இருக்கட்டும்.”

தேர் நகர்ந்துவிட்டதுலே. வேலைக்கெல்லாம் இப்போது எஸ்எஸ்தான் அடிக்கிறேன். ஆனால் காலையில் வந்ததும் முதலில் நெட்ஸ்டாட். நீ ஏசினால்தான் எனக்கு வேலை ஓடும்.